சிம்பொனி கண்டக்டர் ஆவது எப்படி: தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கண்டக்டர் ஆக வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தக் கல்லூரியில் சேருவது என்பதைத்தான். நியாயமான கேள்வி, ஆனால் அது கடைசியாக வர வேண்டியது. கல்லூரி வாசலுக்குப் போகும்போது உங்களிடம் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப் போகிறேன்.

நான் சொல்வது சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை. வயலினிலிருந்து டிம்பனி என்ற பெரிய முரசு வரை அறுபது எழுபது பேர் உட்கார்ந்து, எழுதிவைத்த இசையைப் பார்த்து வாசிக்கும் குழு. அதன் முன்னால் நிற்பவர் செய்யும் வேலையில் கச்சேரியன்று நம் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான். முக்கால்வாசி ஒத்திகையிலேயே முடிந்துவிடுகிறது. வாசிக்கிற ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் பகுதி மட்டும்தான் இருக்கும். எல்லாப் பகுதிகளையும் ஒன்றாக எழுதிய முழு இசை, அதாவது ஸ்கோர், இருப்பது கண்டக்டர் முன்னால் மட்டும். அவர் காதுகொடுத்துக் கேட்க வேண்டும், எங்கே சரியில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும், அதை வாசிக்கிறவருக்குப் புரியும்படி ஒரு வரியில் சொல்லி, திரும்ப வாசிக்க வைக்க வேண்டும். இது ஆசிரியர் வேலைதான்.

அதனால்தான் கண்டக்டர் பயிற்சியையும் இசை ஆசிரியர் பயிற்சியையும் நான் பிரித்துப் பார்ப்பதில்லை. "கண்டக்டர் ஆக முடியாவிட்டால் டீச்சராகப் போய்க்கொள்ளலாம்" என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் முதலில் மாற வேண்டியது இந்த எண்ணம். அமெரிக்கக் கண்டக்டர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் நியூயார்க் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவின் தலைமைப் பொறுப்பில் இருந்தபோதும் அதை விட்ட பிறகுமாக, 1958 முதல் 1972 வரை குழந்தைகளுக்காக 53 நிகழ்ச்சிகள் நடத்தினார். மேடையில் நின்று இசையை விளக்கி, உடனே ஆர்கெஸ்ட்ராவை வாசித்துக் காட்ட வைத்தார். அதை ஓய்வு நேர வேலையாக அவர் நினைக்கவில்லை.

முதலில் ஒரு வாத்தியம்

கண்டக்டர் கையில் பிடிக்கும் சிறு கோலான பேட்டன் வாங்குவதற்கு அவசரம் இல்லை. முதலில் ஒரு வாத்தியத்தை நன்றாக வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 'நன்றாக' என்றால், மற்றவர்களோடு உட்கார்ந்து வாசிக்கும் அளவுக்கு. கண்டக்டர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு வாத்தியத்திலிருந்து வந்தவர்கள்தான். மும்பையில் 1936-ல் பிறந்த ஜுபின் மேத்தா, மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு 18 வயதில் வியன்னாவுக்குப் போனபோது அங்கே டபுள் பேஸ் வாசித்தார். சைமன் ராட்டில் தாளவாத்தியக்காரர். குஸ்தாவோ தூதாமேல் வயலின்காரர். ஜப்பானின் செய்ஜி ஓசாவா பியானோ கலைஞராகத்தான் ஆக இருந்தார். ரக்பி விளையாட்டில் விரல்கள் உடைந்த பிறகு, அவருடைய ஆசிரியர் ஹிதேயோ சாய்ட்டோவிடம் கண்டக்டிங் படித்தார்.

எந்த வாத்தியம் எடுத்தாலும் கூடவே பியானோவும் வேண்டும். கச்சேரி வாசிக்கும் அளவுக்கு வேண்டாம். பத்துப் பதினைந்து வரி உள்ள ஸ்கோரைப் பார்த்து, அதன் சாரத்தை இரண்டு கைகளில் கொண்டுவரத் தெரிந்தால் போதும். அதற்கே சில வருடம் பிடிக்கும், இப்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

சென்னை, மதுரை, கோவைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கைக்கெட்டும் பாதை, பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்புகளான டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுகளும் ஏபிஆர்எஸ்எம் தேர்வுகளும். எட்டு கிரேடுகள். நான் இரண்டு விஷயம் சொல்வேன். ஒன்று, வாத்தியக் கிரேடோடு தியரி கிரேடையும் சேர்த்தே கொண்டுபோங்கள். இரண்டாவது, வருடத்துக்கு மூன்று பாட்டை மட்டும் மனப்பாடம் செய்து தேர்வு எழுதி எட்டாம் கிரேடுவரை போய்விட முடியும். அப்படிப் போனவர்களிடம் புதிதாக ஒரு தாளைக் கொடுத்தால் திணறிவிடுவார்கள். கண்டக்டருக்குத் தினமும் புதுத் தாள்தான். அதனால் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பதை தினம் பத்து நிமிடமாவது பழகுங்கள்.

கர்நாடக வயலின் வாசிக்கிறவர் என்றால் உங்கள் காதும் லயமும் ஏற்கெனவே தேர்ந்தவை. கூடுதலாக வேண்டியது நொட்டேஷன் வாசிப்பும், பல குரல்களை ஒரே நேரத்தில் கேட்கும் பழக்கமும்.

காதைத் தயார் செய்வது

மூன்று ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும்போது நடுவில் இருக்கும் ஸ்வரத்தை உங்களால் தனியாகப் பாடிக்காட்ட முடிகிறதா? முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. முடியாவிட்டாலும் பயப்பட வேண்டாம், பழகினால் வரும்.

அதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த இடம் பாடகர் குழு. தமிழ்நாட்டில் தேவாலயக் குயர்களில் நான்கு குரலில் பாடும் வழக்கம் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. டோ-ரே-மீ எழுத்துகளால் எழுதும் டானிக் சோல்ஃபா முறையில் பாடுகிற பெரியவர்களை இன்றும் பார்க்கலாம். சென்னையில் மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன் 1893 முதல் இயங்கிவருகிறது. எந்த மதத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், நான்கு குரலில் பாடும் ஒரு குழுவைத் தேடிப்பிடித்துச் சேருங்கள். நடுக்குரல்களான ஆல்டோ அல்லது டெனார் வரிசையில் நின்று பாடுங்கள். மெட்டு மேலே போய்க்கொண்டிருக்கும்போது உள்வரியைப் பிடித்துக்கொண்டு நிற்பது தனிப் பயிற்சி.

குயரில் இன்னொரு லாபமும் உண்டு. வியன்னாவில் படித்த காலத்தில் ஜுபின் மேத்தாவும் அவருடைய சக மாணவர் கிளாடியோ அப்பாடோவும் அங்கிருந்த பெரிய பாடகர் குழுவில் சேர்ந்து பாடினார்கள். பெரிய கண்டக்டர்களின் ஒத்திகைக்குள் மாணவர்களை விடமாட்டார்கள், பாடகர்களை விடுவார்கள் அல்லவா! புருனோ வால்ட்டர், கராயான் போன்றவர்கள் எப்படி நிறுத்துகிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்பதை எதிரில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டார்கள். கச்சேரி வீடியோ ஆயிரம் பார்ப்பதைவிட ஓர் ஒத்திகையைப் பார்ப்பது மேல்.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி: இரண்டு வரி உள்ள எளிய பாட்டு ஒன்றை எடுத்து, ஒரு வரியைப் பாடிக்கொண்டே மற்றதைப் பியானோவில் வாசியுங்கள். அப்புறம் மாற்றிச் செய்யுங்கள். பாஹின் இரண்டு குரல் இன்வென்ஷன்கள் இதற்கென்றே செய்ததுபோல அமைந்தவை.

ஸ்கோர் படிப்பது

பழைய இசையமைப்பாளர்களின் ஸ்கோர்கள் பெரும்பாலும் காப்புரிமை முடிந்தவை. 2006-ல் தொடங்கிய ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு ஹைடன் சிம்பொனியை இறக்கி முதல் பக்கத்தைப் பாருங்கள். மேலே மரக்குழல் வாத்தியங்கள், கீழே பித்தளை, அதற்குக் கீழே டிம்பனி, அடியில் தந்தி வாத்தியங்கள். பெரும்பாலான ஸ்கோர்களுக்கும் இதே வரிசைதான்.

புதிதாக வருகிறவர்களைத் திணறடிப்பவை இரண்டு. வியோலாவுக்கு ஆல்டோ கிளெஃப் (எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று சொல்லும் குறி), அதில் நடுக்கோடுதான் சி. அடுத்தது, எழுதியிருப்பது ஒன்று, ஒலிப்பது ஒன்று என்று இருக்கும் வாத்தியங்கள். பி ஃப்ளாட் கிளாரினெட் ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிக்கும். எஃப் ஹார்ன் ஐந்தாம் இடைவெளி கீழே. டபுள் பேஸ் எழுதியதைவிட ஓர் ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, கீழே. இதை அட்டவணையாக மனப்பாடம் செய்வதில் பயனில்லை. தினமும் ஒரு கிளாரினெட் வரியையும் ஒரு ஹார்ன் வரியையும் பியானோவில் சரியான சுருதியில் வாசித்துப் பழகினால் மூன்று நான்கு மாதத்தில் கண்ணே மாற்றிக்கொள்ளும்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு பக்கத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் தொடக்கம், 'தத் தத் தத் தாஆ'. மொத்த ஆர்கெஸ்ட்ராவும் முழங்குவதாகத்தான் நம் நினைவில் இருக்கிறது. ஸ்கோரைத் திறந்தால், வாசிப்பது தந்தி வாத்தியங்களும் இரண்டு கிளாரினெட்களும் மட்டும். ட்ரம்பெட், ஹார்ன், டிம்பனி எல்லாம் சும்மா இருக்கின்றன. தந்திகளில் ஜி-ஜி-ஜி-ஈ ஃப்ளாட் என்று இருக்கும்போது கிளாரினெட் வரியில் ஏ-ஏ-ஏ-எஃப் என்று எழுதியிருக்கும், ஒலிப்பது ஒன்றுதான். முதல் பாரின் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) முதல் கால்பங்கு மௌனம், அதற்குப் பிறகுதான் மூன்று ஸ்வரமும். அதாவது கண்டக்டரின் கை கீழே விழும் இடத்தில் ஒலியே இல்லை! கை விழுந்த மறுகணம் எல்லாரும் சேர்ந்து நுழைய வேண்டும். நான்காவது ஸ்வரத்தின் மேல் ஃபெர்மாட்டா என்ற நீட்டல் குறி, எவ்வளவு நேரம் நீட்டுவது என்பது உங்கள் முடிவு. இரண்டாம் முறை டி ஸ்வரம் இரண்டு பார்களுக்கு இழுக்கப்பட்டு அங்கே ஃபெர்மாட்டா வருகிறது. ஆகவே முதல் நீட்டலைவிட இரண்டாவது நீளமாக வர வேண்டும் என்று பேத்தோவன் நினைத்திருக்கிறார். வேகமோ, ஒரு பாருக்கு ஓர் அடி, நிமிடத்துக்கு 108 என்று அவரே குறித்திருக்கிறார். ஐந்து பார்களுக்குள் இவ்வளவு இருக்கிறது. இதையெல்லாம் தீர்மானிக்காமல் ஆர்கெஸ்ட்ரா முன்னால் போய் நின்றால் எழுபது பேர் எழுபது நேரத்தில் நுழைவார்கள்.

ஒரு புது ஸ்கோரை எடுத்தால் நான் சொல்லும் வரிசை இதுதான். ரெக்கார்டிங்கைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதலில் பென்சிலோடு உட்கார்ந்து, எத்தனை பாருக்கு ஒருமுறை வாக்கியம் முடிகிறது என்று கோடு போடுங்கள். எங்கே சுருதி மாறுகிறது, எங்கே உச்சம் என்று பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு வரியையும் பாடுங்கள், தாழ்குரல் மரக்குழலான பஸூனில் இரண்டாவதன் வரி உட்பட. ஆம், எல்லா வரியையும். இரண்டாம் பஸூன்காரர் இருபது பார் காத்திருந்து உள்ளே வரும்போது நீங்கள் அவரைப் பார்க்க வேண்டும். அவர் வரியைப் பாடியிருந்தால் உங்கள் கண் தானாக அங்கே போகும். இதெல்லாம் முடிந்து, உங்களுக்கென்று ஒரு வேகமும் எண்ணமும் வந்த பிறகு ரெக்கார்டிங்குகளைக் கேளுங்கள். முன்னாலேயே கேட்டுவிட்டால் அந்தக் கண்டக்டரின் கையைத்தான் நீங்கள் நகலெடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

கை

அடிப்படை வடிவங்களைக் கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும். இரண்டு அடி என்றால் கீழே, மேலே. மூன்று என்றால் கீழே, வலது, மேலே. நான்கு என்றால் கீழே, இடது, வலது, மேலே. இதைக் கண்ணாடி முன்னால் மெட்ரோனோம் வைத்துப் பழகுங்கள், தோள் தூக்காமல், முழங்கை விறைக்காமல்.

கச்சேரிக்குப் போய் ஆதி தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இது சுலபமாக வரும், ஆனால் ஓர் இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். தாளம் போடும் கை, அடி விழும் கணத்தைக் காட்டுகிறது. பாடுகிறவர் தன் லயத்தில் இருக்கிறார், நாம் கூடவே போகிறோம். கண்டக்டரின் கையோ வரப்போகிற அடியை முன்கூட்டியே காட்ட வேண்டும். முதல் ஸ்வரத்துக்கு முந்தைய அந்த ஒரே ஒரு மேலசைவில் வேகம், சத்தம், தன்மை மூன்றும் இருக்க வேண்டும். மென்மையான தொடக்கத்துக்குச் சிறிய, மெதுவான அசைவு. வெடிக்கிற தொடக்கத்துக்குக் கூர்மையான அசைவு. அதோடு மூச்சும். நீங்கள் மூச்சை உள்ளே இழுக்கும்போது குழல் வாசிக்கிறவரும் கூட இழுப்பார்.

இதற்கு ஒரு சோதனை. வயலினோ புல்லாங்குழலோ வாசிக்கும் நண்பர் ஒருவரை முன்னால் உட்கார வையுங்கள். பேசக்கூடாது, "ஒன்று, இரண்டு" என்று எண்ணிச் சொல்லவும் கூடாது. ஒரு மேலசைவு மட்டும். அவர் எந்த வேகத்தில், எவ்வளவு சத்தமாகத் தொடங்கினார் என்று பாருங்கள், நீங்கள் மனதில் நினைத்ததோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகும்வரை செய்துகொண்டே இருங்கள். கண்டக்டிங் நுட்பத்தில் இதைவிட முக்கியமான பயிற்சி எனக்குத் தெரியாது.

இடது கை வலது கையையே காப்பியடிக்கும், எல்லோருக்கும் அப்படித்தான் ஆரம்பமாகும். வலது கை நான்கு அடி போட்டுக்கொண்டிருக்க, இடது கை எட்டு அடிக்குள் மெல்ல மேலே ஏறி, அடுத்த எட்டு அடியில் கீழே இறங்க வேண்டும். தினம் ஐந்து நிமிடம் இதைச் செய்யுங்கள்.

பேட்டன் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். எடை குறைவாக, கைப்பிடி உள்ளங்கையில் உறுத்தாமல் இருந்தால் சரி. பியேர் பூலேஸ் வெறுங்கையோடுதான் கண்டக்ட் செய்தார்.

போனில் உங்களை வீடியோ எடுங்கள். ஃபின்லாந்தின் யோர்மா பானுலா, சிபெலியுஸ் அகாடமியில் மாணவர்களை நிஜ வாத்தியக்காரர்கள் முன்னால் நிறுத்தி, வீடியோ எடுத்து, அதைப் போட்டுப் பார்த்தே பாடம் நடத்தினார். எஸா-பெக்கா சாலோனென், சகாரி ஒராமோ, சமீபத்தில் கிளாவுஸ் மேகெலா என்று அவரிடம் படித்தவர்களின் வரிசை நீளமானது. மக்கள்தொகையில் சிறிய அந்த நாட்டிலிருந்து இத்தனை கண்டக்டர்கள் வந்ததற்கு இந்த முறை ஒரு பெரிய காரணம் என்று நம்புகிறேன். நம்மிடம் எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது, வாத்தியம் வாசிக்கிற நண்பர்கள் மட்டும் சேர வேண்டும்.

ஆட்களைச் சேர்ப்பது

பியானோ கலைஞருக்குப் பழக ஒரு பியானோ வீட்டில் இருக்கிறது. கண்டக்டருக்கு வாத்தியமே மனிதர்கள்தான். அவர்கள் இல்லாமல் பழக முடியாது, காத்திருந்தாலும் தானாக வரமாட்டார்கள். எனவே நீங்கள்தான் சேர்க்க வேண்டும். நான்கு வயலின், ஒரு செல்லோ, ஒரு கீபோர்டு கிடைத்தால் அது போதும். குடியிருப்புச் சங்கத்தின் அறை, பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் வகுப்பறை, எதுவானாலும் சரி. வெனிசுலாவில் ஹோசே அந்தோனியோ ஆப்ரேயு 1975-ல் ஒரு கார் நிறுத்துமிடத்தில் 11 பேரோடு ஆரம்பித்ததுதான் 'எல் சிஸ்தேமா'வாக வளர்ந்து, நாடெங்கும் குழந்தைகள் ஆர்கெஸ்ட்ராக்களை உண்டாக்கியது. தூதாமேல் அதிலிருந்து வந்தவர்.

வாசிக்க மொட்ஸார்ட்டின் தந்திகளுக்கான செரனேடிலிருந்து ஒரு பகுதி, ஹைடன், எளிய பரோக் நடனங்கள் போதும். யாருக்கு என்ன வாசிக்க வருமோ அதற்கேற்பப் பகுதியை மாற்றி எழுதிக்கொடுங்கள். வியோலா இல்லையென்றால் அந்த வரியை மூன்றாம் வயலினுக்கு எழுதுங்கள். இதிலேயே இசையமைப்புப் பாடமும் சேர்ந்து கிடைத்துவிடும்.

ஒத்திகை நடத்துவதில் முதலில் பழக வேண்டியது நிறுத்துவதும் தொடங்குவதும். நிறுத்தினால் மூன்று விஷயம், இதே வரிசையில்: யார், எங்கே, என்ன. "இரண்டாம் வயலின், 17-வது பார், எஃப் ஷார்ப் இறங்கியிருக்கிறது." முடிந்தது, உடனே கையைத் தூக்குங்கள். "கொஞ்சம் சரியில்லையே, இன்னொரு தடவை பார்ப்போமா" என்று சொல்லித் திரும்ப வாசிக்க வைத்தால் அதே தப்புத்தான் திரும்ப வரும். ஒருமுறை தவறியதற்காக நிறுத்தவே வேண்டாம், வாசித்தவருக்கே தெரிந்திருக்கும். இரண்டாம் முறையும் வந்தால் நிறுத்துங்கள்.

அந்த எஃப் ஷார்ப்பையே எடுத்துக்கொள்வோம். பள்ளிப் பிள்ளைகளின் தந்திக் குழுவில் டி மேஜரில் எது வாசித்தாலும் இது வரும். "சுருதி சரியில்லை" என்றால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை பயந்துபோய் சத்தத்தைக் குறைத்துவிடும், சுருதி அப்படியே இருக்கும். டி தந்தியில் எஃப் ஷார்ப்பை எடுப்பது இரண்டாம் விரல், அது மூன்றாம் விரலை ஒட்டி உட்கார வேண்டும். கை சோர்ந்தால் பின்னால் நழுவி எஃப் பக்கம் போய்விடும். ஆகவே, "மூன்றாம் விரலை வையுங்கள், இரண்டாவதை அதோடு ஒட்டி வையுங்கள், இப்போது மூன்றாவதை எடுங்கள்" என்று சொல்லுங்கள். முன்னதாக எல்லோரையும் அந்த ஸ்வரத்தை ஒருமுறை வாயால் பாட வையுங்கள். அரை நிமிடத்தில் சரியாகிவிடும். முதலில் வாத்தியம் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். வயலின் உங்கள் வாத்தியமாக இல்லாவிட்டாலும் ஒரு வருடம் அதைக் கற்றுக்கொள்வது நல்லது, வில்லை மேலே தள்ளுவதா கீழே இழுப்பதா என்று முதல் வயலின்காரரோடு பேசவாவது வேண்டும். ஒரு குழல், ஒரு பித்தளை வாத்தியத்தையும் கையில் எடுத்து ஊதிப் பாருங்கள்.

ஒத்திகை தொடங்கும் முன் சுருதி சேர்ப்பு. ஓபோ என்ற மரக்குழல் இருந்தால் அதிலிருந்து ஏ ஸ்வரம், 440 ஹெர்ட்ஸ். ஐரோப்பாவில் பல குழுக்கள் 442, 443 என்று கொஞ்சம் மேலே வைத்துக்கொள்கின்றன. பிள்ளைகள் குழுவில் இதற்குப் பத்து நிமிடம் போகும். போகட்டும், அது வீண் நேரம் இல்லை, காதுப் பயிற்சிதான்.

குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுப்பது

இசைக் கல்விக்கென்று உலகம் முழுக்கப் பேசப்படும் வழிகள் சில உண்டு. ஹங்கேரியின் கோடாய் வழி, வாத்தியத்துக்கு முன் பாட்டு என்கிறது. கை முத்திரைகளோடு ஸ்வரம் பாட வைக்கும். டால்க்ரோஸ் வழியில் உடல் அசைவுதான் லயத்துக்கு அடிப்படை. ஓர்ஃப் வழியில் எளிய தட்டு வாத்தியங்களில் குழந்தைகள் தாங்களே இசைத்துப் பார்க்கிறார்கள். ஜப்பானின் சுசுகி வழி, தாய்மொழியைக் கேட்டுப் பேசுவதுபோல் கேட்டு வாசிக்க வைக்கிறது. ஒன்றிலாவது முறையான பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். கண்டக்டருக்கு நேரடியாகப் பயன்படுவது கோடாயும் டால்க்ரோஸும் என்பது என் அனுபவம்.

தமிழ் வாசகர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் இடங்களைச் சொல்கிறேன். மும்பையில் 2006-ல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா, பிள்ளைகளுக்கான பயிற்சிக்கூடத்தையும் நடத்துகிறது. அதே ஊரில் மேத்தாவின் தந்தை மெஹ்லி மேத்தா பெயரில் ஓர் அறக்கட்டளை குழந்தைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்கிறது. சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கேஎம் இசைக் கல்லூரியும், வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கான சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவும் இருக்கின்றன. இலங்கையில் கொழும்பின் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா 1958 முதல் இருக்கிறது. சிங்கப்பூரில் பள்ளிகளின் பேண்டு, குயர், தந்திக் குழுக்களுக்குக் கண்டக்டர்களை வெளியிலிருந்து அமர்த்தும் வழக்கம் உண்டு. அங்கே வாழும் தமிழ் இளைஞர்களுக்கு இது நல்ல நுழைவாயில்.

வருமானத்தைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தியாவில் முழுநேர சிம்பொனி கண்டக்டர் வேலை என்பது கிட்டத்தட்ட இல்லை. இங்கே இருப்பவர்கள் சர்வதேசப் பள்ளிகளில் கற்பிக்கிறார்கள், குயர் நடத்துகிறார்கள், சினிமா இசைக்கு ஸ்கோர் எழுதி, ரெக்கார்டிங்கில் தந்திக் குழுவை நடத்துகிறார்கள். சினிமா ரெக்கார்டிங்கில் காதில் கிளிக் ஓடிக்கொண்டிருக்கும், வேகத்தை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் குறைந்த நேரத்தில் சரியாக வாசிக்க வைக்கும் திறமை அங்கே கூர்மையாகும். வெளிநாட்டிலும் இளம் கண்டக்டர்களில் பலர் கற்பித்துத்தான் வாழ்கிறார்கள். அமெரிக்காவில் பள்ளியில் கற்பிக்க அந்தந்த மாநிலத்தின் ஆசிரியர் உரிமம் வேண்டும். பல்கலைக்கழக ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் பேராசிரியர் வேலைக்குப் பெரும்பாலும் டாக்டர் பட்டம் எதிர்பார்க்கிறார்கள்.

கல்லூரி, உதவி வேலை, போட்டிகள்

இப்போது கல்லூரிக்கு வருவோம். கண்டக்டிங் வகுப்புகளில் ஆண்டுக்குச் சேர்ப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். வியன்னா, ஹெல்சிங்கி, லண்டனின் ராயல் அகாடமி, ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இவையெல்லாம் பெரிய பெயர்கள். கர்ட்டிஸில் 1928 முதல் கல்விக் கட்டணமே கிடையாது, ஆனால் இடம் கிடைப்பது மிகக் கடினம். பணவசதி குறைந்தவர்கள் ஜெர்மனியைக் கவனிக்க வேண்டும். அரசு இசைக் கல்லூரிகளில் பல மாநிலங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் பருவத்துக்கு 1500 யூரோ வாங்கத் தொடங்கியது. விதிகள் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் முன் அந்தக் கல்லூரியின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் மொழி தேவைப்படும். சென்னையில் மேக்ஸ் முல்லர் பவனில் கற்றுக்கொள்ளலாம்.

ஜெர்மன் ஓபரா அரங்குகளில் படிப்படியாக ஏறும் ஒரு பழைய பாதை உண்டு. முதலில் பாடகர்களுக்குப் பியானோவில் பாடம் சொல்லித்தரும் கொரெப்பெட்டிட்டோர், பிறகு அரங்கின் கண்டக்டர் பதவிகளான இரண்டாம் கப்பெல்மைஸ்டர், முதல் கப்பெல்மைஸ்டர், கடைசியில் இசைத் தலைவர். கராயான் 1929-ல் உல்ம் என்ற சிறிய ஊரின் அரங்கில்தான் ஆரம்பித்தார். ஷோல்ட்டி புடாபெஸ்டில் கொரெப்பெட்டிட்டோராக இருந்தவர். பியானோ நன்றாக வருகிறவர்களுக்கு என் பரிந்துரை இந்தப் பாதைதான். தினமும் பாடகர்களோடு உட்கார்ந்து அவர்கள் மூச்சு எங்கே எடுக்கிறார்கள் என்று பார்த்துக் கற்பதை எந்த வகுப்பும் தராது.

படிப்பு முடிந்ததும் அடுத்தது உதவி கண்டக்டர் வேலை. ஒத்திகையில் அரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்து, ட்ரம்பெட் செல்லோவை மூழ்கடிக்கிறதா என்று கேட்டுச் சொல்ல வேண்டும். தலைமைக் கண்டக்டருக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கே மேடை ஏறத் தயாராக இருக்க வேண்டும். 1943 நவம்பர் 14 அன்று புருனோ வால்ட்டர் காய்ச்சலில் படுத்துவிட, 25 வயது உதவி கண்டக்டர் பெர்ன்ஸ்டைன் ஒத்திகையே இல்லாமல் நியூயார்க் பில்ஹார்மோனிக்கை நடத்தினார். அது நாடெங்கும் வானொலியில் ஒலிபரப்பானது, மறுநாள் அவர் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவருக்கு அந்த ஸ்கோர்கள் முன்னாலேயே தெரிந்திருந்தன என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது.

போட்டிகளில் பிரான்ஸின் பெசான்சோன், டென்மார்க்கின் மால்கோ, ஜெர்மனியின் பாம்பர்கில் நடக்கும் மாலர் போட்டி ஆகியவை பெயர்பெற்றவை. ஓசாவாவுக்கு 1959-ல் பெசான்சோனிலும், தூதாமேலுக்கு 2004-ல் பாம்பர்கிலும் கதவு திறந்தது. பெண்களுக்கு இந்தத் துறை நெடுங்காலம் கதவை மூடியே வைத்திருந்தது. 2007-ல் பால்டிமோர் சிம்பொனியின் தலைமையை மாரின் ஆல்சாப் ஏற்றபோதுதான், அமெரிக்காவின் பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒன்றுக்கு முதல்முறையாக ஒரு பெண் இசைத் தலைவரானார். இளம் பெண் கண்டக்டர்களுக்காக அவர் 2002-லேயே தொடங்கிய உதவித்திட்டம் இன்றும் நடக்கிறது. பாரிஸில் பெண்களுக்கென்றே லா மாயெஸ்ட்ரா போட்டி 2020 முதல் நடக்கிறது. பெண் பிள்ளைகள் இவற்றைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்துக்கு வீடியோ கேட்பார்கள். கேமராவை வாத்தியக்காரர்கள் பக்கம் வைத்து, உங்கள் முகமும் இரண்டு கைகளும் தெரியும்படி எடுங்கள். பார்வையாளர் பக்கத்திலிருந்து எடுத்தால் உங்கள் முதுகுதான் தெரியும். ஒலி தனி மைக்கில் பதிவாகட்டும். கச்சேரித் துண்டோடு ஒத்திகைத் துண்டும் கேட்டால், ஒத்திகையை வெட்டி ஒட்டாமல் தொடர்ச்சியாக அனுப்புங்கள். நீங்கள் எங்கே நிறுத்தினீர்கள், என்ன சொன்னீர்கள், சொன்ன பிறகு அந்த எட்டு பார் மாறியதா என்று தேர்வாளர்கள் பார்ப்பார்கள். பெரிய ஆர்கெஸ்ட்ரா கிடைக்கவில்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். எத்தனை பேர் குறைந்தபட்சம் இருக்க வேண்டும் என்று கல்லூரியின் விதியில் இருக்கும். அந்த எண்ணிக்கைக்கு உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவோடு நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, விண்ணப்பக் கடைசி நாளுக்கு மூன்று மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள். முதல் பதிவைப் பார்த்துக் கையையும் பேச்சையும் திருத்திக்கொண்டு இரண்டாவது எடுக்க அவகாசம் இருக்கும்.